தட்டு இருக்கிறது, தாள் எங்கே?

தாத்தா வீட்டுப் பரணைக் காலி செய்தபோது ஒரு தகரப் பெட்டியில் கிராமபோன் தட்டுகள் கிடைத்தன. மேலெல்லாம் பூஞ்சை. நான்தான் பெரிய புத்திசாலி ஆயிற்றே, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒன்றைத் துடைத்தேன். துடைத்த இடம் பிசுபிசுத்து, பளபளப்பு போய்விட்டது. அந்தக் காலத்துத் தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. மரச்சாமானுக்குப் பாலிஷ் போடுகிறவரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்.

அதைவிட உறுத்துவது வேறு. பெட்டியோடு ஒரு கட்டுப் பாட்டுப் புத்தகங்களும் இருந்திருக்கின்றன. நான் பார்ப்பதற்குள் சித்தி அதைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். "கிழிஞ்ச நோட்டீஸ்தானேடா" என்றார்.

தட்டின் ஒரு பக்கம் மூன்று, மூன்றரை நிமிடம் ஓடும். ஊசி தேய்த்துத் தேய்த்துப் பாதி வார்த்தை இரைச்சலில் போய்விட்டிருக்கும். அந்த வார்த்தையை மீட்டுத் தருவது பாட்டுப் புத்தகம். எந்த நாடகம், யார் எழுதியது என்ற விவரமும் பல நேரம் அதில்தான் இருக்கும். தாள் போனால் தட்டு பாதி ஊமை.

யூடியூபில் ஏற்றிவிட்டால் பாதுகாத்தாகிவிட்டது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. நாடக மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1933இல், 27 வயதில் போய்விட்டார். சினிமாவில் நடிக்கவில்லை. அவர் குரல் என்று நமக்கு மிஞ்சியது தட்டுகளில் இருப்பது மட்டும்தான். அந்தக் காலத் தட்டுகளுக்கு, நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற கணக்கில், 78 சுற்று என்பது பொதுப் பெயர். பழைய பதிவுகளில் வேகம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 74இல் பதிந்ததை 78இல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். எந்த வேகத்தில் ஓட்டினோம் என்று எழுதாமல் ஏற்றிவிட்டு, அதைக் கேட்டுவிட்டு "அந்தக் காலத்தில் என்ன சுருதியில் பாடியிருக்கிறார்கள் பாருங்கள்" என்று வியக்கிறோம்! இரைச்சலை நீக்குகிறேன் என்று குரலின் கார்வையையும் சேர்த்து வழித்தெடுப்பவர்கள் தனி ரகம்.

லேபிளுக்கும் பாட்டு ஓடும் வரிகளுக்கும் நடுவே ஒரு வெற்று வளையம் உண்டு. அங்கே பொறித்திருக்கும் எண்ணை வைத்துத்தான் ஒரு பதிவு எந்த வரிசையில், ஏறக்குறைய எப்போது எடுக்கப்பட்டது என்று ஆய்வாளர்கள் கண்டுபிடிக்கிறார்கள். யூடியூபில் ஏற்றும் நம் ஆட்கள் அந்த எண்ணை விடுங்கள், லேபிளைக்கூடக் காட்டாமல் குத்துவிளக்குப் படம் போடுகிறார்கள்.

இந்த விஷயத்தில் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரை நினைக்காமல் இருக்க முடியாது. கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம் என்று சித்தி எடைக்குப் போடுகிற எல்லாவற்றையும் அவர் சேர்த்துவைத்தார். அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. கர்நாடக சங்கீதத்துக்கு சபாக்காரர்களும் ரசிகர்களும் இருக்கிறார்கள், எப்படியோ பிழைத்துக்கொள்ளும். நாடகப் பாட்டுக்கும் காமிக் எனப்படும் நகைச்சுவைத் தட்டுக்கும் இப்படி ஒருவர் பைத்தியம் பிடித்துச் சேர்த்தால்தான் உண்டு.

சில சேகரிப்பாளர்கள் தட்டைக் கண்ணிலேயே காட்டுவதில்லை. கேட்டால் காப்புரிமை என்பார்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்து 60 ஆண்டுகள்தான். 1930களின் தட்டுக்கு அந்தச் சாக்கு செல்லாது. வார்த்தைக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு என்பது சரி.

என்னிடம் பதினொரு தட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. அடுக்கிவைத்தால் கனம் தாங்காமல் உடையும் என்பதால் நிமிர்த்தி வைத்திருக்கிறேன். லேபிளையும் உள்வளையத்து எண்ணையும் இரண்டு பக்கமும் படம் எடுத்தாயிற்று. பழைய பேப்பர் கடைக்கும் போய்க் கேட்டேன். "மூட்டை போயி மூணு நாளாச்சே சார்" என்றார்.