குறட்டையை விடுங்கள், நடுவில் வரும் அமைதியைக் கேளுங்கள்

போன வருஷம் ஆடி மாதம், மதியம் மூன்று மணி இருக்கும், பெருந்துறை ரோட்டில் வண்டியில் வந்துகொண்டிருந்தேன். அடுத்து எனக்கு நினைவிருப்பது முன்சக்கரம் தாரை விட்டு இறங்கி மண்ணில் ஓடியதும், ஒரு புளியமரம் நேராக என்னைப் பார்த்து வந்ததும்தான். நடுவில் இரண்டு மூன்று விநாடி காணோம். நல்லவேளை விழவில்லை. ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு, மதியம் சாப்பிட்ட பிரியாணி மேல் பழியைப் போட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வீட்டில் மூச்சு விடவில்லை.

அப்போது எனக்கு 44 வயது. ஒரு வருஷமாகவே உடம்பு சரியில்லைதான், ஆனால் டாக்டரிடம் போய் இதுதான் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. காலையில் எழுந்தால் தலை கனக்கும், வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கிடக்கும். ராத்திரி மூன்று தடவை பாத்ரூம். சுகராக இருக்குமோ என்று பயந்து டெஸ்ட் எடுத்தால் எல்லாம் நார்மல். பிரஷர் மாத்திரை ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகியும் 150க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. உப்பைக் குறை, நட, டென்ஷன் ஆகாதே என்றார்கள். எப்படித் தூங்குகிறாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "படுத்தா அடுத்த நிமிஷம் தூங்கிடுவேன் சார்" என்று பெருமையாகத்தான் சொல்லியிருப்பேன். ராத்திரித் தூக்கம் பத்தாத உடம்புதான் கண்ட இடத்தில் உட்கார்ந்தபடியே அப்படி விழுந்து தூங்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

நம் வீடுகளில் குறட்டை என்றாலே சிரிப்புதான். கல்யாண வீட்டில் பவானி ஜமக்காளத்தை விரித்து வரிசையாகப் படுக்கும்போது "இவர் பக்கத்துல நான் படுக்க மாட்டேன், ரைஸ் மில்லு ஓடும்" என்று ஆரம்பிப்பார்கள், எல்லோரும் சிரிப்போம், குறட்டை விடுகிறவரும் சேர்ந்து சிரிப்பார். போதாக்குறைக்கு "அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறார், கொடுத்து வெச்சவர்" என்று ஒரு பாராட்டு வேறு.

என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் காலையில் காபியோடு போனையும் கொண்டுவந்து வைத்து, "ஏனுங்க, இதைக் கேளுங்க" என்றாள். ராத்திரி என் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்தது. முதலில் வழக்கமான சத்தம், எனக்கே வெட்கமாக இருந்தது. அப்புறம் சத்தம் நின்றது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன் போல என்று நினைத்தேன். "எண்ணுங்க" என்றாள். பத்து, பதினைந்து, இருபது, இருபத்தெட்டு வரை எண்ணினேன். அதற்கப்புறம் தண்ணீரில் முங்கியவன் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றை இழுப்பானே, அந்த மாதிரி ஒரு சத்தம். மறுபடியும் குறட்டை, மறுபடியும் அமைதி. அத்தனை நாளும் அவள் பயந்தது சத்தத்துக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. நிறைய ராத்திரி என் தோளைப் பிடித்து உலுக்கி மூச்சு விட வைத்திருக்கிறாள், நான் தூக்கக் கலக்கத்தில் எரிந்து விழுந்திருக்கிறேன்.

இதன் பெயர் ஸ்லீப் ஆப்னியா. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, அது எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு அந்தத் தளர்ச்சியில் மூச்சுப் பாதையே மூடிக்கொள்கிறது. நெஞ்சு ஏறி இறங்கும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கியதும் மூளை பதறிப்போய் ஆளைக் கொஞ்சம் எழுப்பிவிடும். ஒரு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பவும் தூங்கிவிடுவோம், காலையில் எதுவும் ஞாபகம் இருக்காது. ஒவ்வொரு தடவையும் பதற்றத்தில் சுரக்கும் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்து பிரஷர் எகிறும். மூன்று மாத்திரைக்கும் அடங்காத என் பிரஷருக்கு இதுவும் ஒரு காரணம். பாத்ரூம் கதை இன்னும் வேடிக்கை: அடைத்த தொண்டையோடு நெஞ்சு காற்றை இழுக்கப் போராடும்போது இதயத்துக்கு அதிக ரத்தம் வந்து அதன் சுவர் விரிகிறது. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டது என்று இதயம் தப்புக் கணக்குப் போட்டு, தண்ணீரை வெளியேற்றச் சொல்லி ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீரகமும் சொன்னபடி செய்கிறது. நான் அதற்குப் போய் சுகர் டெஸ்ட் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து டெஸ்ட் எடுத்தார்கள். தலையெல்லாம் ஒயர், நெஞ்சில் ஒரு பட்டை, மூக்கில் சின்னக் குழாய், விரலில் கிளிப். இதில் எங்கே தூக்கம் வரும் என்று நினைத்தேன், வழக்கம்போல அடுத்த நிமிஷம் தூங்கிவிட்டேன். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றால், அல்லது ஆக்சிஜன் இறங்கும் அளவுக்கோ தூக்கம் கலையும் அளவுக்கோ மூச்சு குறைந்தால், அதை ஒன்று என்று கணக்கு வைப்பார்கள். மணிக்கு 5க்குக் கீழே என்றால் பயமில்லை, 30க்கு மேலே போனால் கடுமையான நோய். எனக்கு 38. ஆறரை மணி நேரத் தூக்கத்துக்குப் பெருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 250 தடவை.

அம்மாவுக்கும் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "உங்கப்பாவும் இப்படித்தான்டா, நிறுத்தி நிறுத்தி" என்றவர் மேலே எதுவும் பேசாமல் சமையலறைக்குள் போய்விட்டார். அப்பா 2009இல் இறந்தார், 57 வயது. ராத்திரி படுத்தவர் காலையில் எழவில்லை. "புண்ணியவான், ஒரு நோவும் இல்லாம தூக்கத்துலயே போயிட்டார்" என்று ஊரே சொன்னது, நாங்களும் அதைச் சொல்லித்தான் மனதைத் தேற்றிக்கொண்டோம். அப்பாவுக்கு இருந்தது இதுதானா என்று என்னால் சொல்ல முடியாது, எந்த டெஸ்ட்டும் எடுத்ததில்லை. ஆனால் அந்த வாக்கியத்தை இப்போது எந்தத் துக்க வீட்டிலும் என்னால் முன்போலக் கேட்க முடிவதில்லை. 2022 பிப்ரவரியில் மும்பையில் இசையமைப்பாளர் பப்பி லஹிரி இறந்தபோது மருத்துவர்கள் இந்த நோயின் பெயரைச் சொன்னார்கள். அன்றைக்கு அந்தச் செய்தியைப் படித்தேன், வாயில் நுழையாத ஏதோ பெயர் என்று தள்ளிவிட்டுப் போய்விட்டேன்.

இப்போது சீபாப் மெஷின் மாட்டிக்கொண்டு தூங்குகிறேன். எங்கள் தெருவில் எனக்கு வீட்டிலேயே ஆக்சிஜன் வைத்திருப்பதாக ஒரு வதந்தி. ஆக்சிஜனும் இல்லை, வெண்டிலேட்டரும் இல்லைங்க, அறையில் இருக்கும் அதே காற்றை ஒரு சின்ன மோட்டார் கொஞ்சம் அழுத்தத்தோடு மூக்கு வழியாக அனுப்புகிறது, அந்த அழுத்தம் தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. 1980-81இல் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர், வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்துச் செய்து பார்த்தது. அதற்கு முன்னால் நோய் முற்றியவர்களுக்கு இருந்த வழி கழுத்தில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதுதான். முதல் பத்து நாள் மாஸ்க்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. விலையும் லேசுப்பட்டது இல்லை, கரன்ட் போனால் ஒரு தொல்லை. ஆனால் மூன்றாவது வாரம் ஒரு காலையில் எழுந்தபோது தலை கனக்கவில்லை, ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்த ஞாபகமும் இல்லை. பிரஷர் மாத்திரையில் ஒன்றை டாக்டரே நிறுத்திவிட்டார்.

குண்டாக இருப்பவர்களுக்குத்தானே இது என்று கேட்கிறார்கள். எடை ஒரு பெரிய காரணம்தான். நான் வேலை பார்ப்பது சட்டை தைக்கும் கம்பெனி என்பதால் எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன், காலர் 16 இஞ்சைத் தாண்டிய ஆள் என்றால் கொஞ்சம் கவனமாக இருங்கள். ஆனால் தாடை சின்னதாகவோ உள்வாங்கியோ இருந்தால் ஒல்லியானவர்களுக்கும் வரும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் கூடும், அதை "வயசாச்சு, அசதி" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவோம். குழந்தை தினமும் வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டால் தொண்டையில் இருக்கும் டான்சில், மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள், வகுப்பில் கவனம் இல்லை என்று அடிப்பதற்கு முன்னால்.

எனக்கு உண்மையாகவே கோபம் வருவது ஒரு விஷயத்தில்தான். ராத்திரி சரியான தூக்கமே இல்லை என்று சொல்லிக் குறட்டை விடும் ஆளே தூக்க மாத்திரை போடுகிறார், இல்லையென்றால் ஒரு குவார்ட்டர் போடுகிறார். சரக்கு தொண்டைத் தசையை இன்னும் தளர்த்திவிடும், மூச்சு நிற்பது கூடும். தூக்க மாத்திரையிலும் பல அப்படித்தான். தூக்கம் வராத நோய் வேறு, தூக்கத்தில் மூச்சு நிற்கும் நோய் வேறு. எது என்று பார்க்காமல் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். பிரஷருக்கு மூன்றாவது மாத்திரை எழுதும் டாக்டர்களும், எழுதுவதற்கு முன்னால் "ராத்திரி குறட்டை உண்டா, வீட்டில் என்ன சொல்றாங்க" என்று ஒரு கேள்வி கேட்கலாம். நோயாளியிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை, அவர்தான் தூங்கிக்கொண்டிருக்கிறாரே.

போன ஞாயிற்றுக்கிழமை கோபியில் இருக்கும் மாமாவுக்கு போன் போட்டேன். பிரஷர் உண்டு, மதியம் டிவி முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். விஷயத்தைச் சொன்னதும், "எனக்கெல்லாம் குறட்டையே வராது மாப்ள, படுத்தா கட்டைதான்" என்றார்.

"சரிங்க மாமா, போனை அத்தைகிட்டக் குடுங்க" என்றேன்.

அத்தை இருபது நிமிஷம் பேசினார்.