கேரம் போர்டில் முகம் தெரிய வேண்டாம், காய் ஓடினால் போதும்

பரணிலிருந்து இறக்கியதோ, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பேரம் பேசி வாங்கியதோ, ஐயா காலத்துக் கேரம் போர்டு ஒன்று கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம் அதைக் கார் பெயிண்ட் அடிக்கும் இடத்துக்குத் தூக்கிப் போவது. "அண்ணே, முகம் தெரியுற மாதிரி கிளியர் அடிச்சுக் குடுங்க." முகம் நன்றாகவே தெரியும். காய்தான் ஓடாது.

இந்த ஆசை பின்பால் மெஷின் (சாய்ந்த பலகையில் எஃகு உருண்டையைத் தட்டி ஓடவிட்டு விளையாடும் பெட்டி) வீடியோக்களைப் பார்த்து வந்தது. பழைய பின்பால் பலகையைச் சுத்தம் செய்து, அழிந்த படத்தைத் தொட்டெழுதி, மேலே காருக்கு அடிக்கும் 2கே கிளியரை, அதாவது ஹார்ட்னர் என்ற கெட்டியாக்கி கலந்த நிறமற்ற பூச்சை, தடிமனாக அடித்துக் கண்ணாடியாக்கி விடுவார்கள். அருமையான வேலை, குறை சொல்லவே முடியாது. ஆனால் அங்கே ஓடுவது 27 மி.மீ. விட்டமுள்ள, 80 கிராம் எஃகு உருண்டை. பலகையும் சாய்வாக நிற்கும். விளக்கு வெளிச்சம் வருவதற்காகப் பதித்த பிளாஸ்டிக் வில்லைகள் நாளாவட்டத்தில் எழும்பியும் உள்வாங்கியும் போயிருக்கும். அந்த மேடுபள்ளத்தை மூடத்தான் அவ்வளவு தடிமன். அங்கே உருண்டை உருளுகிறது. நம் காய் வயிற்றைத் தரையில் வைத்துச் சறுக்குகிறது. தட்டையான காய்க்குக் கண்ணாடிப் பரப்பைக் கொடுத்தால் அப்பிக்கொள்ளும். பவுடர் தங்க இடமில்லாமல் ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். போதாக்குறைக்கு மேலே தொங்கும் பல்பு பலகைக்குள் இன்னொரு பல்பாக எரிந்து கண்ணைக் கூசும்.

நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களைப் பாருங்கள். முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சு. அந்த வழவழப்பு அப்பிய கனத்தில் வரவில்லை, மெல்லிசாகப் பூசிப் பூசித் தேய்த்ததில் வந்தது. கேரம் போர்டுக்கும் அதே கணக்குதான்.

முதலில் பலகை தேறுமா என்று பாருங்கள். நேரான அலுமினியப் பட்டையைக் குறுக்கும் மூலைவாட்டுமாக வைத்து, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் 1 மி.மீ. வெளிச்சம் தெரிந்தால் பரவாயில்லை. 3 மி.மீ. தெரிந்தால் பாலிஷ் பேச்சை விட்டுவிட்டு அடியைத் திருப்புங்கள். வருஷக்கணக்கில் தூணில் சாய்த்து வைத்த பலகைகள் இப்படித்தான் வளையும். அடிச்சட்டங்களைக் கழற்றி, நன்றாகக் காய்ந்த தேக்கில் புதுச்சட்டம் போட்டு, பலகையை நேராக்கிப் பிடித்துத் திருகுங்கள். பிளைவுட் அடுக்கு பிரிந்து, தட்டினால் பொக்கென்று சத்தம் வந்தால் அந்தப் பலகையைச் சுவரில் மாட்டிவிடலாம். விளையாட்டுக்கு ஆகாது.

சுற்றுச்சட்டத்தைக் கழற்றாமல் வேலை செய்யாதீர்கள். பெரும்பாலும் அடியிலிருந்துதான் திருகியிருக்கும். எந்தப் பக்கம் எது என்று பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். திருகு ஓட்டை லூசாகியிருந்தால் மூங்கில் குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, மறுநாள் திருகலாம். சட்டம் இம்மியளவு ஆடினாலும் ரீபவுண்டு (காய் சட்டத்தில் முட்டித் திரும்பும் வேகம்) செத்துப்போகும், அப்புறம் பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தும் பயனில்லை.

அடுத்ததுதான் எல்லோரும் தாண்டிப்போகும் இடம்: பழைய பூச்சு என்ன என்று தெரிந்துகொள்வது. சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விடுங்கள். ஒரு நிமிஷத்தில் பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னருக்கு இளகினால் என்.சி. லேக்கர். இரண்டுக்கும் மசியவில்லையென்றால் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) பூச்சு. பழைய என்.சி.க்கு மேல் பி.யூ.வை ஈரமாக அடித்தால் அதிலுள்ள தின்னர் அடிப்பூச்சைக் கிளப்பி, பாலாடை மாதிரி சுருக்கிவிடும். கூடவே கோடுகளும் சுருங்கிப் போகும். என்.சி.க்கு மேல் என்.சி.தான் என் கட்சி. புதுப்பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும், பின்னாளில் கீறல் விழுந்தாலும் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். அரக்குக்கு மேலும் மெழுகைத் துடைத்துவிட்டு என்.சி. அடிக்கலாம். மெலமைன், பி.யூ. பலகையென்றால் மட்டும் 400 நம்பர் உப்புத்தாளில் சொரசொரப்பாக்கிவிட்டு பி.யூ. அடிக்கலாம். ஆனால் பி.யூ.வில் கலக்கும் ஹார்ட்னரில் ஐசோசயனேட் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சாதாரணத் துணி மாஸ்க் அதைத் தடுக்காது. குழந்தைகள் ஓடித் திரியும் வீட்டில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாமல், தகுந்த முகமூடியும் காற்றோட்டமும் உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சுத்தம் செய்யும்போது முதலில் தண்ணீர் வேண்டாம். உலர்ந்த துணி, பிறகு டர்பன்டைன் நனைத்த வெள்ளைத்துணி. துணி அழுக்காக அழுக்காக மாற்றி மாற்றி மூன்று தடவை துடைக்க வேண்டும். முகப்பவுடர், கோதுமை மாவு, தேங்காய் எண்ணெய் என்று அந்தப் பலகை பார்க்காதது எதுவும் இருக்காது. கெட்டதிலும் கெட்டது சிலிகான் கலந்த ஃபர்னிச்சர் ஸ்பிரே. அது துளி மிஞ்சினாலும் லேக்கர் அந்த இடத்தில் விலகி, மீன் கண் மாதிரி வட்டவட்டமாகக் குழி விழும். குழி விழுந்த பிறகு மேலே மேலே அடிப்பது வீண். காயவிட்டு, தேய்த்து, திரும்பத் துடைத்துத்தான் ஆகவேண்டும்.

தேய்ப்புக்கு 320 நம்பர் உப்புத்தாள், ரப்பர் கட்டையில் சுற்றி. மெஷின் வேண்டாம். தாளை அடிக்கடி திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் தூள் வரும்வரை பழைய கிளியர்தான் போகிறது. தாளில் லேசாகச் சிவப்போ கறுப்போ ஏறினால் கையை எடுத்துவிடுங்கள், கோட்டின் மையைத் தொட்டாயிற்று. இன்னும் நாலு இழுப்பு இழுத்தால், ஸ்ட்ரைக்கர் வைக்கும் கோட்டின் முனையிலுள்ள பேஸ் வட்டம் இருந்த இடம் தெரியாது.

அழிந்த கோட்டுக்கு மார்க்கர் பேனா கூடவே கூடாது. மேலே லேக்கர் பட்டதும் மை கசிந்து ஊதா நிறத்தில் படரும். அக்ரிலிக் வண்ணம் போதும். டேப் ஒட்டியபின் அதன் விளிம்பில் மெல்லிசாக ஒரு கிளியர் பூசிவிட்டு அப்புறம் வண்ணம் தீட்டினால், டேப்புக்கு அடியில் ஊறுவது கிளியராகத்தான் இருக்கும், கோடு கத்தியால் வெட்டினாற்போல் நிற்கும். அளவு ஊகத்தில் வேண்டாம் (வட்டங்களுக்குச் சொல்வது விட்டம்): பேஸ் வட்டம் 3.18 செ.மீ., அதற்குள் சிவப்பு 2.54 செ.மீ., நடுவில் பெரிய வட்டம் 17 செ.மீ., பேஸ் கோட்டின் நீளம் 47 செ.மீ. பழைய வீட்டுப் பலகைகள் இந்த அளவுக்கு ஒத்துவராமலும் இருக்கும். அப்போது பக்கத்தில் மிஞ்சியிருக்கும் கோட்டையே அளந்து பின்பற்றுங்கள்.

லேக்கர் அடிக்கும் முன் குழிகளின் விளிம்பைக் கவனியுங்கள். பிளைவுட்டின் வெட்டுவாய் திறந்திருப்பது அங்கேதான். சின்னத் தூரிகையால் இரண்டு கை கிளியர் கொடுத்து அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் பின்னால் தண்ணீர்த் தேய்ப்பின்போது ஈரம் ஏறி விளிம்பு உப்பும், குழிக்குப் போகிற காய் வாசலில் முட்டி நிற்கும்.

விளையாடும் பரப்பு 74 செ.மீ. சதுரம், அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் கூட. அரை லிட்டர் லேக்கரும் ஒரு லிட்டர் தின்னரும் வாங்கினால் ஸ்பிரே கன் கழுவியதுபோகவும் மிஞ்சும். சரிக்குச் சரி கலந்து, நைலான் துணியில் வடிகட்டி, நான்கு மெல்லிய பூச்சு. முதல் பூச்சு வெறும் புகைபோல விழட்டும். தொட்டெழுதிய கோடுகள் கசியாமல் இருக்க அதுதான் காவல். மரம் வெளியே தெரியும் இடங்களுக்கு முன்னதாகவே மரத்துளையை அடைக்கும் சீலர் கொடுத்துவிடுங்கள்.

நேரம் பார்த்து அடிப்பது முக்கியம். சித்திரை உச்சிவெயிலில் அடித்தால் லேக்கர் பலகைக்குப் போய்ச் சேரும் முன்பே காய்ந்து மணல்மணலாக விழும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அடித்தால் ஈரம் சிக்கிப் பால் தெளித்தாற்போல் வெளுக்கும். வெயில் ஏறாத காலை நேரம்தான் சரி. வளவில் (வீட்டு முற்றத்தில்) வைத்து அடிப்பதாக இருந்தால் அரைமணி முன்னால் சுற்றிலும் தண்ணீர் தெளித்துச் செம்மண் புழுதியை அடக்குங்கள். ஆத்தங்குடித் தரைக்கல்லின் மேல் கெட்டியான தார்ப்பாய் விரிக்க மறக்காதீர்கள். லேக்கர் கறை பட்ட கல்லைப் பார்த்து ஆச்சி கேட்கும் கேள்விக்குப் பதில் கிடையாது.

பத்து நாள் காயவிட்டு, சோப்புத் தண்ணீர் தொட்டு 600, 1000, கடைசியாக 1500 நம்பர் தாளால் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய்ப் பட்டு மாதிரி மங்கலாக வந்தால் நிறுத்துங்கள். விளிம்பில் அழுத்தம் கொடுத்தால் லேக்கர் சட்டென்று அறுந்துவிடும், அங்கே கை லேசாகப் போகட்டும். மெழுகு, கார் பாலிஷ் எதுவும் மேலே வேண்டாம். சட்டம் மாட்டி மேலும் பத்து நாள் கழித்துத்தான் பவுடர். அவசரப்பட்டால் இளசான பூச்சுக்குள் பவுடர் பதிந்து சொரசொரவென்று நின்றுவிடும்.

சோதிக்க, 15 கிராம் ஸ்ட்ரைக்கரை முழுவேகத்தில் நேராக அடித்துப் பாருங்கள். எதிர்ச்சட்டத்துக்கும் இந்தச் சட்டத்துக்கும் மூன்றரை தடவையாவது போய்வர வேண்டும் என்பது போட்டி விதி. இரண்டோடு நின்றால் பவுடரைக் கொட்டாதீர்கள். துடைத்துவிட்டு 2000 நம்பரில் லேசாக இன்னொரு கை தேய்த்து, திரும்ப அடித்துப் பாருங்கள்.