ஆள் போய்விட்டார் என்று சொல்லாதீர்கள்

போன கிழமை அம்மாவின் அந்தியேட்டி, இறந்தவர்களுக்குச் செய்யும் கிரியை. திருகோணமலைக்குப் பக்கத்தில் இருக்கும் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போயிருந்தோம். தாய்க்குக் கிரியை செய்ய இராவணன் நிலத்தைக் குத்தி வரவழைத்த தண்ணீர் என்பது எங்கள் ஊர்க் கதை. ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் சூடு ஒவ்வொன்றிலும் வேறு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றும்போது, நான்கு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது திரும்ப மேலே வந்தது.

அம்மாவுக்கு மறதி நோய். முதலில் அலுமாரிச் சாவியை மறந்தார், பிறகு கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியை, அப்புறம் என் பெயரை. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவர் கட்டிலில் இருக்கும்போதே, “ஆள் எப்பவோ போயிட்டா, இது வெறும் உடம்புதான்” என்றார்கள். ஆறுதலுக்குத்தான் சொன்னார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் தேத்தண்ணி கொடுத்தேன். “நீங்கள் ஆருடைய பிள்ளை?” என்று கேட்டார். பிறகு கோப்பையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்து, மெதுவாக ஊதி ஊதி ஆற்றி, என்னிடமே திரும்ப நீட்டினார். “குடியுங்கோ, இப்ப சுடாது.” சின்ன வயதில் எனக்குச் செய்தது போலவே. யார் பிள்ளை என்று தெரியாது. ஆனாலும் வாய் சுடக்கூடாது என்பது தெரிந்திருந்தது.

நினைவுதான் ஆள் என்றால் சொந்தக்காரர்கள் சொன்னது சரி. எங்கள் சைவம் அப்படிச் சொல்லவில்லை. மனம், புத்தி, சித்தம், அகங்காரம் நான்கும் மாயை என்ற சடப்பொருளிலிருந்து வந்த கருவிகள். உயிர் இவற்றில் ஒன்றல்ல. 13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் இதற்கு அரசனையும் அமைச்சரையும் உவமையாகச் சொன்னார்: உயிர் அரசன், இந்தக் கருவிகள் அமைச்சர்கள். நினைவைச் சேர்த்துவைக்கும் பகுதி மூளையில் சுருங்கிவிட்டது என்று டொக்டர் படத்தில் காட்டியபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து போகிறார்கள். அரசன் உள்ளேதான் இருக்கிறான், சேதி கொண்டுபோக ஆளில்லாமல்.

மாறாத ‘நான்’ என்று ஒன்று யாருக்குள்ளும் இல்லை என்பது பௌத்தம். இந்த ஊரில் அதையும் கேட்டே வளர்ந்தேன், மதிக்கிறேன். ஆனால் அப்படிப் பார்த்தாலும் அம்மாவை மட்டும் ‘போய்விட்டா’ என்று சொல்ல என்ன நியாயம்? பேசிக்கொண்டு நிற்கும் எங்களுக்கும் அதே கணக்குத்தானே.

உயிர் பக்குவப்படத்தான் உடம்பும் கருவிகளும் தரப்பட்டன என்றால், கருவிகள் பழுதாகிக் கிடந்த அந்த நான்கு வருடம் எதற்கு? இரவில் அம்மாவுக்கு உடுப்பு மாற்றும்போதெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். அவருடைய உயிரின் கணக்கு எனக்குத் தெரியாது. என் அவசரமும் முன்கோபமும் அந்த அறையில்தான் கொஞ்சம் கரைந்தன.

எங்கள் ஒழுங்கையில் இதே நோயோடு இன்னொரு அம்மா இருக்கிறார். பின்னேரங்களில் போய்ப் பக்கத்தில் இருக்கிறேன். நேற்றும் யார் பிள்ளை என்று கேட்டார். அம்மாவின் பெயரைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, “அவ சுகமா இருக்கிறாவா?” என்றார்.