சுவரை நினைத்தவர் யார்?

ஜெர்மனியின் யேனா பல்கலைக்கழகம், 1798-99 குளிர்காலம். "சுவரை நினையுங்கள்" என்கிறார் ஆசிரியர். மாணவர்கள் நினைக்கிறார்கள். "சரி, இப்போது சுவரை நினைத்தவரை நினையுங்கள்" என்கிறார். வகுப்பே தடுமாறிப்போகிறது. அந்த வகுப்பில் இருந்த ஹென்ரிக் ஸ்டெஃபென்ஸ் பின்னாளில் எழுதிவைத்த நினைவு இது.

ஆசிரியர் யோகான் கோட்லிப் ஃபிக்டே. தத்துவ வரலாற்றில் கான்ட், ஹெகல் என்ற இரண்டு பெரிய ஜெர்மன் தத்துவவாதிகளுக்கு நடுவே ஒரே பத்தியில் நாம் கடந்துபோகும் பெயர். 'நான்'தான் உலகத்தையே உண்டாக்குகிறது என்று சொன்னவராம்! இந்த ஒற்றை வரியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர் சொன்னது அதுவல்ல.

1762இல் சாக்சனியின் ராம்மெனாவ் கிராமத்தில் நாடா நெய்யும் நெசவாளியின் மகனாகப் பிறந்தார். ஞாயிறு பிரசங்கத்தைத் தவறவிட்ட ஒரு பிரபுவுக்கு, அதை அப்படியே ஒப்பித்துக் காட்டினான் சிறுவன் என்றும், அதனால்தான் படிப்புக்கு உதவி கிடைத்தது என்றும் சொல்வார்கள். அந்த உதவி பாதியிலேயே நின்றது. பட்டம் பெறாமல், வீடு வீடாகப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். 1790இல் லைப்சிக்கில் ஒரு மாணவன் கான்ட்டைக் கற்பிக்கக் கேட்டான். கற்பிப்பதற்காகத்தான் கான்ட்டைக் கையில் எடுத்தார். அதுவரை மனிதனுக்குச் சுதந்திரமே கிடையாது, எல்லாம் காரண காரியச் சங்கிலி என்று நம்பி வாடியிருந்தவருக்கு அந்தப் படிப்பு வாழ்க்கையையே திருப்பிப் போட்டது.

மறுவருடம் கோனிக்ஸ்பெர்க்குக்கே போய்க் கான்ட்டைப் பார்த்தார். வரவேற்பில் சூடில்லை. அறையில் உட்கார்ந்து சில வாரங்களில் ஒரு நூலை எழுதிக் கான்ட்டிடம் கொடுத்தார். கையில் காசில்லாமல் கடன் கேட்டபோது, கான்ட் கடன் தராமல் பதிப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார். 1792இல் நூல் ஆசிரியர் பெயரில்லாமல் வெளிவர, எல்லோரும் அதைக் கான்ட்டின் நூல் என்றே நினைத்தார்கள். கான்ட் மறுத்து உண்மையைச் சொன்னதும் ஃபிக்டே ஒரே நாளில் புகழ்பெற்றார்.

ஆனால் குருவின் இடத்திலேயே அவர் நின்றுவிடவில்லை. பொருள் தன்னளவில் எப்படி இருக்கிறது என்பதை நாம் அறியவே முடியாது என்றார் கான்ட். அறியவே முடியாத ஒன்று நம் புலன்களைத் தாக்குகிறது என்பதை மட்டும் எப்படி அறிந்தோம்? அக்காலத்தில் பலரைக் குடைந்த கேள்வி இது. விடை தேட ஃபிக்டே, அறிபவரிடமிருந்தே தொடங்கினார். நாற்காலி யார் அறியாவிட்டாலும் இருக்கும். 'நான்' அப்படி அல்ல. தன்னைத் தான் உணரும் அந்தச் செயலுக்கு வெளியே அதற்கு இருப்பே இல்லை. செய்வதும் செய்யப்படுவதும் அங்கே ஒன்றுதான். ஜெர்மனில் 'தாட்ஸாஹே' என்றால் உண்மை நிகழ்வு. அவர் தேர்ந்த சொல்லோ 'தாட்ஹான்ட்லுங்', நடந்துகொண்டே இருக்கும் செயல்.

அப்படியானால் உலகம்? செயல் எதிலாவது முட்டினால்தான் தன் பக்கம் திரும்பும். அந்த முட்டலுக்கு அவர் வைத்த பெயர் 'அன்ஸ்டோஸ்'. தடை, உந்துதல் என்ற இரண்டு பொருளும் அந்த ஒரே சொல்லுக்கு உண்டு. எனக்கு இங்கேதான் ஃபிக்டே மிகவும் பிடித்துப்போகிறார். அந்தத் தடையை 'நான்' உண்டாக்கவில்லை, அது வந்து முட்டுகிறது. முட்டாவிட்டால் 'நான்' என்ற உணர்வே எழாது. உலகத்தைக் கையால் படைக்கும் தலைக்கனம் பிடித்த 'நான்' இதில் எங்கே இருக்கிறது?

1796இல் வெளிவரத் தொடங்கிய நூலில் இன்னும் ஒரு படி போனார். இன்னொரு மனிதர் என்னை அழைத்து, "நீயாகச் செய்" என்று இடம் விட்டால்தான் நான் சுதந்திரமானவன் என்பதே எனக்குத் தெரியவரும். மனிதர்களிடையேதான் மனிதன் மனிதனாகிறான் என்று எழுதினார். குழந்தை வளர்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்படி எழுதியவர்தான் அதே நூலில் மனைவியைக் கணவனுக்கு அடங்கியவளாக வைத்தார். 1793இல் யூதர்களைப் பற்றி எழுதிய வரிகளைப் படித்தால் உடல் கூசுகிறது. காலத்தின் குற்றம் என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அவருடைய தத்துவத்தையே அளவுகோலாக வைத்தாலும் அது தவறுதான்.

1799இல் நாத்திகர் என்ற குற்றச்சாட்டில் யேனா வேலை போயிற்று. அதே ஆண்டு கான்ட்டும் அவருடைய தத்துவ அமைப்பைப் பகிரங்கமாக மறுத்தார். அதற்குப் பிறகு பெர்லின். பிரெஞ்சுப் படை ஆண்ட நகரத்தில் 1807-08இல் ஜெர்மன் தேசத்துக்கு ஆற்றிய உரைகள், பின்னர் அங்கே எழுந்த புதிய பல்கலைக்கழகத்தில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் பதவி. ஆனால் 'நான்' என்பதிலிருந்து தொடங்கிய தன் அறிவுக் கோட்பாட்டை அவர் கைவிடவேயில்லை. இருபது ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட முறை முதலிலிருந்து எழுதினார், பெரும்பாலும் வகுப்பில் சொல்வதற்காக. அச்சில் கிடக்கும் வாக்கியத்தை மனப்பாடம் செய்தால் ஆகாது, கேட்பவர் தன் மனத்தில் தானே செய்து பார்க்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம்.

1814 தொடக்கத்திலும் மறுபடி ஆரம்பித்தார். போரில் காயம்பட்ட வீரர்களுக்கு மருத்துவமனையில் பணிவிடை செய்த மனைவி யோஹானாவுக்கு டைஃபஸ் காய்ச்சல் தொற்றியது. அவர் பிழைத்துக்கொண்டார். அவரிடமிருந்து நோய் தொற்றிய ஃபிக்டே அந்த ஜனவரியிலேயே இறந்தார், 51 வயதில். வகுப்பு பாதியில் நின்றது.