சின்ன மனைக்கு டாக்வுட்தான்

சின்னத் தோட்டத்துக்கும் பிகான் என்ற கொட்டை மரம் ஏற்றது என்று நான் படித்த கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அமெரிக்காவின் அட்லாண்டாவில் எங்கள் வீட்டில் பிகானும், டாக்வுட் என்ற சிறிய பூமரமும் நிற்கின்றன. பிகான் 70 அடியைத் தாண்டி வளரும். காற்றே இல்லாத நாளில்கூடக் கொப்பு முறிந்து விழும். கோடையில் அசுவினிப் பூச்சி கசியவிடும் பிசுபிசுப்பு கார் கண்ணாடியில் படிந்தால் துடைக்கத் துடைக்கப் போகாது. நன்றாகக் காய்க்க, மகரந்தம் வெவ்வேறு நேரத்தில் உதிரும் இரண்டு ரகங்கள் பக்கத்தில் வேண்டும். அதற்கு இடம் எங்கே? டாக்வுட் பெரும்பாலும் 30 அடிக்குள் அடங்கிவிடும், அரைநிழலே போதும். ஏப்ரலில் வெள்ளையாய் விரிவது இதழே அல்ல, பூவடிச் செதில், அதாவது பூவுக்கு அடியில் வரும் இலை போன்ற பகுதி. நடுவில் கொத்தாய் இருக்கும் பொடிப் பொடிப் பூக்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள், அத்தனை அழகு! இலையுதிர் காலத்தில் அதன் சிவப்புப் பழங்களுக்குப் பறவைகள் தேடி வரும்.