கறுப்புக் கண்ணாடி

(சாயங்காலம். கண்புரை ஆபரேஷன் முடிந்து பதினைந்து நாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு கல்யாணி டிவி முன்னால். வாக்கிங் முடித்து வந்த சுந்தரம் கையில் காபி டம்ளர்.)

சுந்தரம்: காபி பிரமாதம் கல்யாணி. சர்க்கரை கச்சிதம். என்ன, இங்கிலீஷ் படமா?

கல்யாணி: 'லீவ் ஹெர் டு ஹெவன்'. 1945-ல வந்தது. ரெண்டாவது தடவை பாக்கறேன். பேசாம உக்காருங்க, ஏரி சீன்.

சுந்தரம்: அந்தக் காலத்துலயே கலரா! பொண்ணு மகாலட்சுமி மாதிரி இருக்கா.

கல்யாணி: ஜீன் டியர்னி. இந்த மகாலட்சுமிதான் புருஷனோட தம்பிய நீந்த விட்டுட்டு, படகுல பின்னாடியே போறா. பையனுக்குக் கால் சரியில்ல. முடியலங்கறான். கூலிங் கிளாஸப் போட்டுக்கிட்டு எப்படி உக்காந்திருக்கா பாருங்க.

சுந்தரம்: அய்யய்யோ! குதிக்க வேண்டியதுதானே?

கல்யாணி: குதிப்பா. பையன் முழுகினதுக்கப்புறம், புருஷன் வர்ற சத்தம் கேட்டதும்.

சுந்தரம்: மியூசிக்கே காணோமே? நம்ம சீரியல்னா இந்நேரம் மூணு இடி இடிச்சிருக்கும்.

கல்யாணி: அதான் வயித்தக் கலக்குது. தண்ணிச் சத்தம் மட்டும்தான். இந்தப் படத்துக்குக் கலர் ஒளிப்பதிவுக்குத்தான் ஆஸ்கார். இவளுக்குப் பரிந்துரையோட சரி.

சுந்தரம்: எதுக்குக் கொல்றா? சொத்தா?

கல்யாணி: சொத்துமில்ல, ஒண்ணுமில்ல. புருஷன் ஒரு எழுத்தாளன். அவன் தனக்கு மட்டும்தான் வேணுமாம். வயித்துல குழந்தை வந்தா அதுவும் போட்டியாம், மாடிப்படியிலேர்ந்து தானே உருண்டு விழறா.

சுந்தரம்: புருஷன் மேல இவ்ளோ பாசம் ஆபத்துடி.

கல்யாணி: பயப்படாதீங்க, உங்களுக்கு அந்த ஆபத்தெல்லாம் இல்ல.

சுந்தரம்: கடைசில மாட்டுவாளா?

கல்யாணி: மாட்டறதா? சர்க்கரையில ஆர்செனிக் விஷத்தக் கலந்து தானே சாப்ட்டு, பழிய தங்கச்சி மேல போட்டுட்டுப் போய்ச் சேர்றா. கேஸ் நடத்தற வக்கீல் யாருங்கறீங்க? இவ கழட்டிவிட்ட பழைய மாப்பிள்ளை! அப்பல்லாம் ஹாலிவுட்ல தணிக்கை விதி. தப்புப் பண்ணவ தப்பிக்கக் கூடாது. ஆனா அதுவரைக்கும் ஆடற ஆட்டத்த யாரும் கேக்கல.

சுந்தரம்: நல்லா இருக்கு நியாயம்.

கல்யாணி: நேத்திக்குப் பாத்தது 1941-ல வந்த 'த லிட்டில் ஃபாக்ஸஸ்'. புருஷனுக்கு நெஞ்சுவலி. மருந்து மாடியில. பெட் டேவிஸ் நாற்காலிய விட்டு அசையணுமே! பின்னால அவன் தட்டுத் தடுமாறிப் படியேறறான். கேமரா இவ மூஞ்சிய விட்டு நகரல.

சுந்தரம்: (மெதுவாக) என் பிரஷர் மாத்திரை எங்க வெச்சிருக்க?

கல்யாணி: உங்களுக்கு எட்டற எடத்துலதான்.

சுந்தரம்: இந்தப் புருஷன்களச் சொல்லணும். வீட்டுக்குள்ளயே நடக்குது, ஒண்ணும் உறைக்கலயே! இவன் எழுத்தாளன் வேற. நானா இருந்தா மொத நாளே புடிச்சிருப்பேன். 34 வருஷம் ஆடிட் செக்‌ஷன்டி.

கல்யாணி: அது சரி. போன வாரம் சுகர் எவ்ளோ?

சுந்தரம்: வெறும் வயித்துல 110! எல்லாம் வாக்கிங் மகிமை. பார்க்குல நாலு பேருக்கு வகுப்பே எடுக்கறேன்.

கல்யாணி: சமையக்கட்டு டப்பாவுல மூணு மாசமா சர்க்கரையே கெடையாது. இனிப்புப் பொடி. டாக்டர் எழுதிக் குடுத்தது.

சுந்தரம்: (டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார்) கல்யாணி!

கல்யாணி: சொல்லுங்க ஆடிட் செக்‌ஷன்.

சுந்தரம்: போகட்டும். பார்க் வாசல்ல குடிக்கற டீயாவது... (வாயைப் பொத்திக்கொள்கிறார்)

கல்யாணி: ரெண்டு டீ. ஒரு வடை. அந்த டீ மாஸ்டர்கிட்டயும் ஒரு டப்பா குடுத்து வெச்சிருக்கேன்.

சுந்தரம்: அதான் அந்த ஆளு என் டீய மட்டும் திரும்பி நின்னு ஆத்தறானா!

(கல்யாணி கறுப்புக் கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொள்கிறாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.)

கல்யாணி: தள்ளுங்க, மறைக்குது. மாடிப்படி சீன் வருது.