தாத்தாவின் ரைபிளுக்குப் பாலிஷ் போட மாட்டேன்

ஆயுத பூஜைக்கு ரைபிளை வெளியே எடுத்தபோது தங்கை மகன் கேட்டான்: "மாமா, பாலிஷ் போட்டுக் கறுப்பு ஏத்திடலாமே, புதுசு மாதிரி ஆயிடும்." ஆசையாகத்தான் கேட்டான். பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் இந்த ஆசையால்தான் கெடுகின்றன.

எங்களுடையது .318 ரகத் தோட்டா போடும் ரைபிள், இங்கிலாந்தின் பர்மிங்காமில் செய்தது. தாத்தா ஆனைமலைத் தோட்டத்தில் வேலை பார்த்தபோது, சீமைக்குத் திரும்பிய துரையிடம் வாங்கினார். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது காடு பார்க்கவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை. உரிமம் இப்போது என் பெயரில் இருக்கிறது.

குழலில் பழைய கருநீலம் போய், காப்பிக்கொட்டை நிறம் வந்துவிட்டது. இந்தப் பழுப்பு வேறு, செந்துரு வேறு. எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். செந்துரு ஆரஞ்சாகத் துணியில் ஒட்டும். இரும்பை இன்னும் தின்றுகொண்டிருக்கிறது, உடனே நிறுத்த வேண்டும். படிந்து இறுகிய பழுப்பு அப்படி வராது. அது தாத்தாவின் கையும் ஆனைமலை மழையும் சேர்ந்து ஏற்றிய நிறம். அதை ஏன் சுரண்ட வேண்டும்?

உறவினர் ஒருவர் தன் ரைபிளை ஒரு பட்டறையில் கொடுத்தார். பளபளவென்று வந்தது. செய்தவர் பெயர் பாதி அழிந்து, குழல் வெடியைத் தாங்கும் என்று சோதித்து அடித்த முத்திரைகள் மழுங்கி, விளிம்பெல்லாம் கரைந்த சோப்புக்கட்டி போல ஆகியிருந்தது. தோளில் வைத்துப் பிடிக்கும் மரக்கட்டையை உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் மரம் தாழ்ந்து இரும்பு துருத்திக்கொண்டு நின்றது. பார்த்தபோது வயிறு எரிந்தது. தேய்ந்த இரும்பை யார் திருப்பித் தருவார்?

நான் செய்வது கொஞ்சம்தான். முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பேன். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைக் கழற்றி, அந்தப் பக்கமிருந்துதான் துடைக்கும் கம்பியை விடுவேன். குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமிருந்து விட்டால் அங்கே விளிம்பு தேயும். அந்தக் காலத் தோட்டாக்கள் பெரும்பாலானவற்றின் அடியில், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடியான 'கேப்'பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் குழலில் தங்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். எண்ணெய் மட்டும் போட்டு வைத்த எத்தனையோ குழல்கள் உள்ளே குழி விழுந்து போனது இதனால்தான். வெந்நீர் விட்டு, ஈரம் போகத் துடைத்து, அப்புறம் எண்ணெய். வெளியே செந்துரு இருக்கும் புள்ளியில் மட்டும் எண்ணெயோடு மிக மெல்லிய இரும்புப் பஞ்சு, அதுவும் லேசாக. திருகாணித் தலையில் உள்ள வெட்டுக்குச் சரியாகப் பொருந்தும் திருப்புளி இல்லையென்றால் திருகாணியைத் தொடவே மாட்டேன்.

எண்ணெயை அதிகம் விட்டால் வழிந்து கட்டைக்குள் இறங்கி மரத்தைப் பதமிழக்கச் செய்யும். தோலுறை ஈரத்தைப் பிடித்து வைக்கும்; அதில் நிரந்தரமாக வைக்காதீர்கள். மரத்துக்கு மெல்லிய மெழுகுப் பூச்சு போதும்.

1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கொடுத்த, ரிக்பி கம்பெனி செய்த ரைபிளை நினைத்துக்கொள்வேன். அதன் கட்டையில் பதித்த தகட்டில் அந்தச் சேதி பொறித்திருக்கிறது. யாராவது ஒருவர் அதைப் புதுசாக்கக் கிளம்பியிருந்தால்! எங்கள் ரைபிளில் தகடு கிடையாது. தாத்தா கன்னம் வைத்த இடத்தில் மரம் கறுத்திருக்கிறது. எங்களுக்கு அதுதான் தகடு.

பூஜையில் ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். ஈரச் சந்தனம் பட்ட இடத்தில் போன வருடம் துருப் புள்ளி வந்திருந்தது. இப்போது பொட்டு, ரைபிளைக் கிடத்தும் பலகைக்குத்தான். அம்மா முதலில் முகம் சுளித்தார், அப்புறம் அவரே பலகைக்குக் கோலமும் போட்டுவிட்டார்.